இருட்டுமுன் எங்கே நிற்பீர்கள்?
வாசகர் கேள்வி பதில்: லகுகல, குமண, கல்லோயா

கேள்வி: ஓகஸ்ட் விடுமுறையில் மட்டக்களப்பிலிருந்து எட்டுப் பேர் ஒரு வானில் மூன்று நாள் போகிறோம். லகுகல, குமண, கல்லோயா ஆகிய மூன்று வனவிலங்குப் பூங்காக்களையும் பார்க்க வேண்டும். எந்த ஒழுங்கில் போவது? (வாசகி, களுவாஞ்சிக்குடி)

பதில்: இடங்களை வரிசைப்படுத்துமுன் ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்கு வான் எங்கே நிற்கும் என்று எழுதி வையுங்கள். இந்தப் பக்கத்துக் காட்டு வீதிகளில் யானை ஏறுவது பெரும்பாலும் பொழுது சாயும்போதும் விடியுமுன்னும்தான். தூரம் உங்களைச் சிரமப்படுத்தாது, நேரம்தான் சிரமப்படுத்தும்.

முதல் நாள் காலை ஐந்து மணிக்குப் புறப்படுங்கள். பொத்துவில் 100 கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டியே கிடக்கின்றன. பாடசாலை நேரத்தில் அகப்பட்டால் ஒரு மணித்தியாலம் வீண். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ வேளையில் கல்முனை, சாய்ந்தமருதுப் பகுதியில் நிற்கும்படி திட்டம் போடாதீர்கள். திருக்கோவில் தாண்டியதும் வீதி திறந்துவிடும், எட்டரைக்குள் பொத்துவிலில் இறங்கலாம். பகல் வெயிலில் ஓய்வெடுத்துவிட்டு மூன்று மணிக்கு லகுகலவுக்குப் போங்கள். அது சியம்பலாண்டுவ வீதியிலேயே இருக்கிறது, அரை மணித்தியாலம் போதும். 1,554 ஹெக்டயர்தான், சின்னப் பூங்கா. ஆனால் அதன் குளங்களில் ‘பெரு’ என்ற புல் செழித்து வளர்கிறது. வறட்சியில் சுற்றுக்காடு காய்ந்ததும் யானைகள் அந்தப் புல்லுக்கும் நீருக்கும் கூடுகின்றன. நீங்கள் போகும் ஓகஸ்ட் அதற்கு நல்ல மாதம். ஐந்தரைக்கு அங்கிருந்து கட்டாயம் கிளம்பிவிட வேண்டும். கூட்டம் கூட்டமாக யானை வருகிறதே என்று ஆசைப்பட்டு ஆறரை வரை நிற்பதுதான் அந்த வீதியில் பலர் விடும் பிழை.

இரண்டாம் நாள் விடியற்காலை குமண. பாணமை வழியாக உகந்தையிலுள்ள பூங்கா வாசலுக்கு ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் பதினொரு மணி வரை சுற்றலாம். விடியுமுன் அந்த வீதியில் உங்கள் வானை ஓட்ட வேண்டாம். பொத்துவிலிலோ அறுகம்குடாவிலோ ஜீப் பிடித்தால், சாரதி தினமும் போய்வரும் பாதை. ஒன்றை மனதில் வையுங்கள்: குமண வில்லுவில் (சதுப்பு நீர்நிலையில்) பறவைகள் கூடுகட்டுவது ஏறக்குறைய சித்திரையிலிருந்து ஆடி வரை. ஓகஸ்டில் போனால் கூடுகள் குறைந்திருக்கும். கூழைக்கடா, கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரை எல்லாம் குஞ்சோடு இருப்பதைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அடுத்த வருடம் வைகாசிக்கு மாற்றுங்கள். ஓகஸ்டில் வற்றும் நீர்நிலைகளைச் சுற்றி எருமை, மான், முதலை பார்க்கலாம்.

மதியம் பொத்துவிலில் சாப்பிட்டு இரண்டு மணிக்குக் கிளம்பினால் அக்கரைப்பற்று வழியாக நாலரைக்குள் அம்பாறை. சியம்பலாண்டுவ வழியும் உண்டு, காட்சியும் அதில்தான் கூடுதல். ஆனாலும் களைத்த சாரதியோடு, மாலை நெருங்கும் நேரத்தில், ஊர் இருக்கும் வீதியே மேல்.

மூன்றாம் நாள் கல்லோயாவுக்காக இங்கினியாகல. அம்பாறையிலிருந்து அரை மணித்தியாலம். சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தில் படகில் போய் விலங்கு பார்ப்பதுதான் கல்லோயாவின் தனித்தன்மை. தீவுக்குத் தீவு யானை நீந்திப் போவதை அங்கே காணலாம். பங்குனி முதல் ஆடி வரை அதற்கு உகந்த காலம். ஓகஸ்டில் நீர் இறங்கியிருக்கும், கரைகளில் யானை தெரிய இடமுண்டு. படகுகள் குறைவு, எனவே முன்கூட்டியே பேசி வையுங்கள். எட்டுப் பேருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று பணம் கொடுக்குமுன் எண்ணிப் பாருங்கள், சிறுவர்களுக்கு அளவானதும் வேண்டும். பகல் ஏற ஏறக் காற்று எழும்பி அலையடிக்கும், காலைச் சவாரியே நல்லது. மதியத்துக்குள் திரும்பினால் பொழுதோடு வீடு.

கேள்வி: உகந்தை வரை சொந்த வாகனத்தில் போகலாமா? எங்களிடம் இருப்பது ஹைபிரிட் கார். (வாசகர், கல்முனை)

பதில்: மழையில்லாத மாதங்களில் மெதுவாகப் போகலாம். பூங்காவுக்குள் முடியாது, அங்கே நாற்சில்லு இழுவை உள்ள உயரமான வாகனம் வேண்டும். ஜீப் ஒன்றில் ஆறு பேர் வசதியாக இருக்கலாம், அதற்கு மேல் என்றால் இரண்டு பிடியுங்கள்.

பாணமைக்கு அப்பால் கிறவல். காய்ந்த கிறவலில் குறுக்கே வரிவரியாக மேடு விழுந்திருக்கும். வழமையான காற்றோடு ஓடினால் கார் நடுங்கிப் போல்ட் நட்டு இளகும், கூர்க்கல் ரயரில் ஏறும். 32 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் நிற்கும் ரயரை 27 அளவுக்கு இறக்கி, 30 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டுங்கள். திரும்பித் தார் வீதி ஏறியதும் மீண்டும் காற்றடிக்க வேண்டும். காற்றுக் குறைந்த ரயரில் வேகமாக ஓடினால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும், ஆகவே கையடக்கப் பம்ப் இல்லாமல் காற்றை இறக்கவே வேண்டாம். மாற்றுச் சில்லில் காற்று இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். தாழ்ந்த கார் என்றால் சில்லுத் தடத்தின் பள்ளத்தில் இறங்காமல் ஒரு பக்கச் சில்லை நடு மேட்டில் ஏற்றி ஓட்டுங்கள். இல்லாவிட்டால் ஒயில் தட்டில் கல் அடிக்கும்.

ஹைபிரிட்டுக்கு இன்னொன்று. பின் ஆசனத்தின் ஓரத்திலோ அடியிலோ ஒரு காற்றுத்துளை இருக்கும். மின்கலத்தைக் குளிரவைக்கும் விசிறி அதன் வழியாகத்தான் காற்றை இழுக்கிறது. பைகளை அதன்மேல் அடுக்கினால் மின்கலம் சூடேறி எச்சரிக்கை விளக்கு எரியும். கிறவலில் கண்ணாடிகளை மூடி, ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வையுங்கள், தூசி குறையும். வீடு வந்ததும் அந்தக் காற்றுத்துளையின் வலையையும் எயார் ஃபில்டரையும் துப்புரவாக்குங்கள்.

எரிபொருளைப் பொத்துவிலிலேயே நிரப்பிவிடுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் இந்த வழியை நினைக்கவே வேண்டாம். கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் வீதி நெடுக அடியார்கள் நடப்பார்கள், அப்போது வாகனத்தில் போவோர் இன்னும் மெதுவாகப் போக வேண்டும்.

கேள்வி: வீதியில் யானை நின்றால் என்ன செய்வது? (வாசகர், ஒலுவில்)

பதில்: நூறு மீற்றருக்கு அப்பாலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்காதீர்கள், பெரிய வெளிச்சத்தைத் தாழ்த்துங்கள், எஞ்சினை ஓடவிட்டு, பின்னால் போக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் இன்னொரு வாகனம் ஒட்டி நின்றுவிட்டால் ஆபத்து அதுதான். காதை மெல்ல ஆட்டிக்கொண்டு புல் பிடுங்கித் தூசி தட்டித் தின்னும் யானை அமைதியாக இருக்கிறது. காதை அகல விரித்து அசையாமல் உங்களை நோக்கினாலோ, வாலை நிமிர்த்தினாலோ, தும்பிக்கையைச் சுருட்டினாலோ உடனே பின்னால் எடுங்கள். ஒன்று கடந்துவிட்டதே என்று வண்டியை எடுக்காதீர்கள், குட்டி பின்னால் வரலாம். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் புகுந்த வாகனத்தைத் தாய் விடாது.

வாழைப்பழம் எறிபவர்களைக் கண்டால் தயவுசெய்து தடுத்துச் சொல்லுங்கள். தின்று பழகிய யானை அடுத்த வாகனத்தை மறிக்கும். அப்படி மறிக்கப்படுபவர் சைக்கிளில் வேலைக்குப் போகிறவராகவும் இருக்கலாம்.

கேள்வி: குடும்பிமலையும் குடும்பிகலவும் ஒன்றா? (வாசகி, கிரான்)

பதில்: இல்லை. குடும்பிமலை உங்கள் பக்கத்தில், மட்டக்களப்பு மாவட்டத்தில் இருப்பது, தொப்பிகல என்றும் சொல்வார்கள். குடும்பிகல பாணமைக்கும் உகந்தைக்கும் இடையில், பௌத்த துறவிகள் வாழும் பாறைக்குன்று. அங்கே தோள், முழங்கால் மறைய உடுத்து, வெறுங்காலோடு ஏறவேண்டியிருக்கும். பாறை சுடுமுன், காலை ஒன்பதுக்குள் ஏறி இறங்குங்கள். தலைக்கு ஒரு போத்தல் தண்ணீர் கையில் இருக்கட்டும்.