கணக்கு வாத்தியார் பதில்கள்

கேள்வி: வாத்தியாருங்க, லீவுக்கு வந்த பேரன் காலண்டர் தாளின் பின்னால் 73939133 என்று எழுதி, "அம்மிச்சி, இதுதான் பெரிசு, இதுக்கு மேல கிடையாது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டான். ஒன்றைக் கூட்டினால் இன்னும் பெரிசாகிவிடாதுங்களா?
– ஒரு வாசகி, அந்தியூர்

பதில்: ஆகுமுங்கம்மா. ஆனால் பேரன் சொன்னதும் சரிதான், பாதியை விழுங்கிவிட்டான்.

கரும்பை நுனியிலிருந்து ஒவ்வொரு கணுவாக வெட்டுவதுபோல இந்த எண்ணைக் கடைசி இலக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே வாருங்கள். 7393913, 739391, 73939, 7393, 739, 73, 7. இத்தனையும் பகா எண்கள். அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாதவை. இப்படி வெட்ட வெட்டப் பகா எண்ணாகவே நிற்கிற எண்கள் மொத்தமே 83. அதில் பெரியது உங்கள் வீட்டுக் காலண்டரில் இருப்பது.

நான் இதை நம்பாமல், மஞ்சள் ஏலத்துக்குக் காத்திருந்த ஒரு நாளில் 73939-ஐ மட்டும் கையால் சோதித்தேன். 271 வரையுள்ள 58 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 13-லேயே மீதியில்லாமல் போய்விட்டது! அட, பொய் சொல்லிவிட்டார்களே என்று பக்கத்தில் இருந்தவரிடம்கூடச் சொல்லிவிட்டேன். அப்புறம் பார்த்தால் நான் எழுதியிருந்தது 73931. அது 13 × 5687. அவர் மூட்டை விலை போகிற கவலையில் இருந்ததால் மானம் தப்பியது.

சரி, ஏன் இதற்கு மேல் வளரவில்லை? கடைசியில் இரட்டை எண்ணோ 5-ஓ சேர்க்க முடியாது. 1, 3, 7, 9 மட்டுமே வழி. இங்கேதான் மூன்றாம் வாய்ப்பாடு வேலை செய்கிறது. இலக்கங்களைக் கூட்டி வருவது மூன்றால் வகுபட்டால் எண்ணும் வகுபடும். 3-ம் 9-ம், மூன்றால் வகுத்தால் வரும் மீதியை மாற்றாது. 1-ம் 7-ம் மீதியை ஒன்று கூட்டும். முதல் 7-க்கு மீதி 1. பின்னால் ஒரு 1 வந்தால் மீதி 2. இன்னொரு 1-ஓ 7-ஓ வந்தால் கதை முடிந்தது. அதனால்தான் அந்த எண்ணில் ஒற்றை 1 மட்டும் நடுவில் நிற்க, மற்றதெல்லாம் 3-ம் 9-மாக இருக்கிறது. அதன் இலக்கக் கூடுதல் 38. இன்னொரு 1 சேர்த்தால் 39, 7 சேர்த்தால் 45. இரண்டும் போச்சு. மிச்சமுள்ள 739391333, 739391339 இரண்டும் பகு எண்கள்தான்; ஆனால் அதைக் காட்ட இப்படிக் குறுக்கு வழி எனக்குத் தெரியாது, கம்ப்யூட்டர்தான்.

அடிக்கரும்புப் பக்கமிருந்து வெட்டினால் இந்த எண் தாங்காது. கடைசி இரண்டு இலக்கம் 33, அதாவது 3 × 11. அந்தப் பக்கமிருந்து வெட்டத் தாங்குகிறவற்றில், நடுவில் பூச்சியம் இல்லாதவற்றுள் பெரியது 24 இலக்கம்: 357686312646216567629137. இதைக் காலண்டர் தாளில் எழுத இடம் பத்தாது.

பேரன் அடுத்த லீவுக்கு வரும்போது 29399999-ஐக் கொடுத்து வெட்டச் சொல்லுங்கள். அதில் ஏன் ஒரு 1-ம் 7-ம் இல்லை என்றும் கேளுங்கள். 2-ல் தொடங்கினால் மீதி முதலிலேயே 2 என்று அவன் சொல்லிவிட்டால், ஒரு தட்டு கச்சாயம் சுட்டுக் கொடுங்கள்.