வாசகர் கேள்வி - பதில்: சந்தேகம் யார் மேல் விழுகிறது?

கேள்வி: எட்டு நிமிடத் திரில்லர் எடுக்கிறோம். பூட்டிக் கிடந்த செட்டிநாட்டு வீட்டைக் கல்யாணத்துக்காகத் திறக்கிறார்கள். ஒரு ஜோடி வைரத் தோடு காணாமல் போகிறது. வீட்டில் ஆச்சி, சென்னையிலிருந்து வந்த பேரன், சமையல்கார அம்மா, தரைக்கல் மாற்ற வந்த ஆத்தங்குடித் தொழிலாளி, பூச்சு வேலைக்கு வந்த பீகார் இளைஞர். எடுத்தது பேரன். சமூகப் பிரிவுகளை எப்படிக் காட்டினோம் என்று குறிப்பு எழுதித் தர வேண்டும். எதைச் சரிபார்ப்பது? ஷாட் பட்டியல் இணைத்திருக்கிறேன்.
- விஸ்காம் மாணவி, காரைக்குடி

பதில்: வசனத்தை ஓரமாக வையுங்கள். ஷாட் பட்டியலில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நான்கு விஷயம் குறியுங்கள்: முதலில் எந்த ஷாட்டில் வருகிறார், யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, முகம் எத்தனை விநாடி தெரிகிறது, அவர் செய்யும் எந்தக் காரியத்தால் கதை நகர்கிறது. நாலாவது கட்டம் காலி என்றால் அவர் பாத்திரமே இல்லை, அரங்கப் பொருள்.

உங்கள் பட்டியலில் பீகார் இளைஞர் நுழைவது கீழ்க்கோணத்தில்; பாதி முகம் இருட்டு, பின்னால் உறுமல் இசை. பேரும் இல்லை, பேச்சும் இல்லை. பார்ப்பவர் அங்கேயே தீர்ப்பு எழுதிவிடுவார். 'கடைசியில் நிரபராதி என்று காட்டுகிறோமே' என்று சொல்லித் தப்ப முடியாது. ஏழு நிமிடம் பயம் காட்டப் பயன்பட்டது 'வெளியூர்க் கூலி' என்ற அடையாளம்தான்.

திரில்லருக்குச் சந்தேகம் வேண்டும். அதை ஆளின் தோற்றத்திலிருந்து எடுக்காமல் சாவியிலிருந்து எடுங்கள். இந்த வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றி ஓர் அறை உண்டு. தலைமுறைகள் போனதும் ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். எந்த அறை யார் பங்கு, சாவி யாரிடம் இருந்தது, எப்போது கைமாறியது: மூன்றையும் முதல் இரண்டு நிமிடத்தில் காட்டுங்கள். சாவியைத் தொட்ட எல்லார் மேலும் சந்தேகம் பரவும், பேரன் உட்பட.

ஆத்தங்குடித் தொழிலாளியை வெறுமனே சுற்ற விட்டிருக்கிறீர்கள். தரைக்கல் செய்யும் அவர் கையைக் காட்டுங்கள். கண்ணாடிமேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் கட்டங்களில் வண்ணச் சிமெண்ட் கரைசலை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த மணல் சிமெண்ட், அதன் மேல் ஈரக் கலவை. இறுகியபின் தண்ணீரில் ஊறும். கண்ணாடி பட்ட பக்கம்தான் வழவழப்பு. காலடியும் துடைப்பும் பட்டுப்பட்டு அது வருஷக்கணக்கில் இன்னும் மினுங்கும். பேரன் தோட்டை ஒரு கல்லுக்கடியில் ஒளித்துப் புதுக்கல் பதித்திருந்தால், அதன் மினுக்கம் வேறு என்று பார்த்தவுடன் சொல்லக்கூடியவர் இவர் ஒருவர்தான். முடிச்சை அவர் அவிழ்க்கட்டும். நாலாவது கட்டம் நிரம்பிவிடும்.

பேச்சிலும் கவனம் தேவை. சமையல்கார அம்மா 'ஆச்சி' என்பார். பேரனுக்கோ அப்பாவைப் பெற்றவர் அப்பத்தா, அம்மாவைப் பெற்றவர் ஆயா. உங்கள் வசனத்தில் அவன் 'பாட்டி' என்கிறான். சென்னையில் வளர்ந்தவன் என்று காட்டத்தான் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆச்சி ஒரு தடவை திருத்தட்டும். பீகார் இளைஞருக்குக் கொச்சைத் தமிழ் கொடுத்துச் சிரிப்பு வாங்காதீர்கள். அவர் மொழியிலேயே முழு வாக்கியம் பேசட்டும், கீழே தமிழில் எழுத்து ஓடட்டும்.

கேள்வி: ஒருவரைக் காட்டினால் அந்தச் சமூகத்தையே சொன்னதாகிவிடுகிறதே?
- வாசகர், தேவகோட்டை

பதில்: ஒருவர் மட்டும் இருந்தால் ஆகும். அதே பிரிவிலிருந்து இன்னொருவரைக் கொண்டுவந்து, இருவரையும் ஒரே காட்சியில் முரண்பட விடுங்கள். இரண்டு வரி போதும்.

கேள்வி: எங்கள் கதாநாயகி இரவில் வளவில் ஓடுகிறாள். 'பெண் என்றாலே பயந்து ஓடுவதா?' என்கிறார்கள்.
- கல்லூரி மாணவர், புதுவயல்

பதில்: பயப்படுவதில் தப்பில்லை. கேமரா அவள் முதுகுக்குப் பின்னாலேயே ஓடினால் பார்ப்பவர் துரத்துகிறவன் கண்ணால் பார்க்கிறார், சிக்கல் அதுதான். கேமராவை அவள் கண் மட்டத்தில் வையுங்கள். அவள் திரும்புவது ஒரு ஷாட், அவள் பார்ப்பது அடுத்த ஷாட். துரத்துகிறவனுக்குத் தெரியாத ஒன்று, பின்கட்டுக் கதவின் தாழ் எங்கே என்பது போல, அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: போனில் எடுத்தால் கறுத்த நடிகரின் முகம் மட்டும் தெரியவில்லை. வசனமும் எதிரொலிக்கிறது.
- மாணவர் குழு, கானாடுகாத்தான்

பதில்: பளபளக்கும் வெள்ளைச் சுவரையும் வெயில் விழும் முற்றத்தையும் பார்த்து, வெளிச்சம் அதிகம் என்று போன் தானாகவே படத்தை இருட்டாக்குகிறது. மாநிறத்தவர் தப்பிக்கிறார், கறுத்தவர் நிழலாகிறார். நீங்கள் நினைக்காமலே அவர் வில்லனாகிறார். நடிகரை முற்றத்துக்கு முதுகு காட்டி நிறுத்தாதீர்கள். தாழ்வாரத்து நிழலில் நின்று முற்றத்தைப் பார்க்கட்டும். இருவர் இருந்தால் கறுத்தவர் முற்றத்துக்கு அருகில். திரையில் அவர் முகத்தை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டுங்கள். சுவர் கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும். உச்சி வெயில் கண்குழியில் நிழல் போடும், தவிருங்கள். இரவில் டியூப்லைட் மினுக்கினால் போனில் விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் 1/50 விநாடி என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

எதிரொலிக்குக் காரணம் தரைக்கல்லும் வழவழப்பான சுவரும். பிரேமுக்கு வெளியே தரையில் ஜமுக்காளம் விரித்து, நடிகருக்கு எதிரே கனமான போர்வை ஒன்றைக் கொடியில் தொங்கவிடுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கட்டும்.