கேள்வி-பதில்: முட்டை இல்லை என்றால் சைவமா?

கேள்வி: அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு பேக்கரியில் மாம்பழ மூஸ் கேக் வாங்கினோம். முட்டை இல்லாததுதான் வேண்டும் என்று சொல்லித்தான் வாங்கினேன். பில்லிலும் ‘எக்லெஸ்’ என்றே இருக்கிறது. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, கேட்டரிங் படிக்கும் தங்கை மகள், “இதுல ஜெலட்டின் இருக்குமே” என்றாள். கடைக்குப் போன் போட்டால், “ஆமாங்க, ஆனா முட்டை இல்லையே, சைவம்தான்” என்கிறார்கள். பெரியம்மா உடனே போய்த் தலை முழுகிவிட்டார். மாமா, “தினம் முழுங்குற கேப்ஸ்யூலும் அதே ஜெலட்டின்தான்” என்று சிரிக்கிறார். கேக் 1,850 ரூபாய். பணம் திரும்பக் கிடைக்குமா?
— வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: முதலில் அந்தப் பில்லை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பிறகு கடையின் பெயர்ப்பலகையையும் விலைப்பட்டியலையும் ஒரு போட்டோ எடுங்கள். உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் அதில்தான் இருக்கிறது.

கடைக்காரர் ‘எக்லெஸ்’ என்று மட்டும் சொல்லியிருந்தால், அவர் பொய் சொல்லவில்லை. முட்டை இல்லை என்றார், முட்டை இல்லை. ஜெலட்டின் முட்டை அல்ல. மாடு, பன்றி இவற்றின் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுப்பது, சில சமயம் மீன் தோலிலிருந்தும். பலகையிலோ பட்டியலிலோ ‘சைவம்’, ‘ப்யூர் வெஜ்’ என்று போட்டிருந்தால் கதை வேறு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி விலங்கிலிருந்து வந்த எந்தப் பொருள் சேர்ந்தாலும் அது அசைவம். பால், பால் பொருள், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவைதான் விலக்கு. ஜெலட்டினுக்கு விலக்குக் கிடையாது. ‘கொஞ்சம்தானே’ என்பதும் செல்லாது. அளவு எவ்வளவு சிறிதானாலும் அசைவம் அசைவம்தான் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது.

சைவத்தைக் காட்டும் பச்சைப் புள்ளியும் அசைவத்தைக் காட்டும் பழுப்பு முக்கோணமும் பாக்கெட்டில் அடைத்து வரும் பொருளுக்கு உள்ள கட்டாயம். கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்துத் தரும் கேக்கில் அந்தக் குறியைத் தேடிப் பயனில்லை. அதனால்தான் பலகையும் பில்லும் முக்கியம்.

பணத்தைக் கேட்டுக் கடைக்கு முதலில் எழுத்தில் ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள். போனில் ஒப்புக்கொண்டதை எழுத்திலும் ஒப்புக்கொள்வார்களா பாருங்கள். பதில் இல்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். என்னைக் கேட்டால், ‘சைவம்’ என்ற பலகை இருந்தால் போங்கள். வெறும் ‘எக்லெஸ்’ பில்லை வைத்துக்கொண்டு அலையாதீர்கள். அடுத்த தடவை “முட்டை இருக்கா?” என்பதோடு “ஜெலட்டினா, கடல்பாசியா?” என்றும் கேளுங்கள். சைனா கிராஸ் என்று மளிகைக் கடையில் விற்கும் அதே கடல்பாசிதான். அதில் உறைந்தது சட்டென்று உடையும், வெயிலில் வைத்தாலும் உருகாது. ஜெலட்டின் தளதளவென்று ஆடும், புதுச்சேரி மத்தியானத்தில் அரை மணி நேரத்தில் தொய்ந்துவிடும்.

மாமா சொன்னது உண்மைதான், ஆனால் வாதத்துக்கு உதவாது. கேப்ஸ்யூல் கூடு பெரும்பாலும் ஜெலட்டின்தான். மருந்துக்கு இந்த உணவுக் குறி கிடையாது. செடியின் செல்லுலோஸில் செய்த கூடும் உண்டு, மருந்துக் கடையில் கேட்டுப் பார்க்கலாம். நோய்க்கு வேறு வழியில்லாமல் விழுங்குவதும், விசேஷத்துக்கு வாங்கித் தட்டில் வைப்பதும் பெரியம்மாவுக்கு ஒன்றல்ல. அவருக்குத் தெரியாமல் நடந்தது, அதுதான் அவர் கோபம்.

பேக்கரி பேச்சு வந்ததால் இன்னொன்று. பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் போனார்கள், அவர்களுடைய குரோசான் இங்கேயே தங்கிவிட்டது. அதன் மேல் தெரியும் பளபளப்பு பல இடங்களில் முட்டைப் பூச்சு. ஒரு விடியற்காலை பேக்கரியின் பின்கட்டில் நின்று பார்த்திருக்கிறேன். எவர்சில்வர் டம்ளரில் மஞ்சள் கரு, அதில் ஒரு பிரஷ். முட்டை பஃப்ஸ், காய்கறி பஃப்ஸ் என்று பார்க்காமல் தட்டு தட்டாக அதே பிரஷ் ஓடியது. உள்ளே உருளைக்கிழங்கும் பட்டாணியும் மட்டும்தான், வெஜ் பஃப்ஸ் என்று விற்பதில் அவர்களுக்கு உறுத்தலே இல்லை. பால் பூசியதாக இருந்தால் மேலே நிறம் வரும், அந்தக் கண்ணாடி மினுக்கு வராது. சந்தேகம் என்றால் மினுக்கைப் பாருங்கள்.

கேள்வி: பேரனுக்கு வாங்கிய மிட்டாயில் பச்சைப் புள்ளி இருக்கிறது, கூடவே ஐ.என்.எஸ். 904 என்றும் இருக்கிறது. பூச்சியிலிருந்து வருவது என்கிறார்கள். நாங்கள் மூன்று தலைமுறையாகச் சன்மார்க்கம். இதை ஏமாற்று என்று புகார் செய்யலாமா?
— வாசகர், வடலூர்

பதில்: செய்ய முடியாது ஐயா. ஐ.என்.எஸ். என்பது உணவில் சேர்க்கும் பொருட்களுக்கான எண்வரிசை. அதில் 904 என்பது அரக்கு. மரக்கிளையில் அரக்குப் பூச்சி சுரந்துவைக்கும் பிசினைச் சுரண்டி எடுத்து, மிட்டாய்க்கு மெருகு போடுகிறார்கள். சுரண்டும்போது பூச்சிகளும் சாகின்றன. சட்டம் அதைத் தெரிந்தே விலக்கு அளித்திருக்கிறது, ஆகவே பச்சைப் புள்ளி சட்டப்படி சரி. வேடிக்கை என்னவென்றால், 120 என்ற சிவப்புச் சாயமும் பூச்சியிலிருந்து வருவதுதான், ஆனால் அது அசைவம். ஒரு பூச்சி சாயம் கொடுத்தால் கவுச்சி, இன்னொரு பூச்சி மெருகு கொடுத்தால் சைவம்!

1867-லிருந்து தருமசாலையில் அணையாத அடுப்பு எரியும் ஊர்க்காரர் நீங்கள். புலை (புலால் உண்பது), கொலை இரண்டையும் விட்டவர்தான் ஞான சபைக்குள் வரலாம் என்று வைத்தவர் வள்ளலார். அவர் இரண்டையும் சேர்த்துச் சொன்னார், பச்சைப் புள்ளி புலையை மட்டும்தான் பார்க்கிறது, அதுவும் அரைக்கண்ணால். உங்கள் கொள்கைக்கு எண்தான் காவல்: 904, 120 இரண்டையும் தவிருங்கள். 471 (கொழுப்புச் சேர்மம்), 631 (சுவையூட்டி) என்று இருந்தால் செடியிலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். எண்ணை மட்டும் போட்டால் போதாது, மூலம் எது என்று சொல்ல வேண்டும் என்பதும் அதே டெல்லித் தீர்ப்பில் உண்டு. பச்சை நிறத்தில் ‘வி’ எழுத்தும் இலையுமாக வரும் வீகன் குறி 2022-லிருந்து இருக்கிறது. அது இருந்தால் அரக்கும் இருக்காது, பாலும் இருக்காது.

கேள்வி: முட்டை சைவமா, அசைவமா? ரூம்மேட்டோடு பந்தயம்.
— மாணவர், லாஸ்பேட்டை

பதில்: சட்டப்படி அசைவம். முட்டையைத் தவிர வேறு அசைவம் இல்லை என்றால், குறியோடு அதையும் கம்பெனி தனியாக எழுதிக்கொள்ளலாம். பந்தயம் எவ்வளவு?

கேள்வி: வீட்டிலிருந்தே சைவச் சாப்பாடு செய்து கொடுக்கிறேன். புரட்டாசியில் ஒருவர், சாம்பாரில் வெங்காயம் இருக்கிறது, இது சைவமில்லை என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். தர வேண்டுமா? இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மீன் குழம்பு இல்லாமல் முடியாது. பாத்திரம் வேறு, ஆனால் அடுப்பு ஒன்றுதான். வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டுமா?
— இல்லத்தரசி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: வெங்காயத்துக்குத் திருப்பித் தர வேண்டியதில்லை. அது அவர் விரதம், உங்கள் வாக்குறுதி அல்ல. ‘வெங்காயம், பூண்டு சேர்ப்போம்’ என்று மெனுவில் ஒரு வரி போடுங்கள், அடுத்த புரட்டாசி நிம்மதியாகப் போகும்.

மீனைப் பொறுத்தவரை, சொல்லிவிடுங்கள் அம்மா. சைவமும் அசைவமும் தனித்தனியாக வைக்க வேண்டும், வெட்டும் பலகையும் வேறாக இருக்க வேண்டும் என்றுதான் சுகாதார விதி கேட்கிறது. அடுப்பு வேறாக இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்பார். சொன்னால் நாலு பேர் போவார்கள். துறைமுகத்தில் வலை பிரித்த வாசம் தெருவுக்கு வரும் ஊரில் மீதிப் பேருக்கு இது ஒரு செய்தியே இல்லை. சொல்லாமல் விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது வாசலில் வந்து நின்றால் போகிறவர்கள் நாலு பேரோடு நிற்க மாட்டார்கள். பலகையில் ‘சுத்த சைவம்’ என்று இருந்தால் ‘சுத்த’வை மட்டும் அழித்துவிடுங்கள். தோசைக்கல் எப்படி? ஆம்லெட் அதே கல்லில் என்றால், இன்றைக்கே இன்னொரு கல் வாங்கிவிடுங்கள்.