எஃகுக் கம்பிவடத்துக்குப் பிவிசி உறையா, நைலான் உறையா: எதைத் தேர்ந்தெடுப்பது?

மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிச் செய்த கயிறே கம்பிவடம். ஈரமும் உராய்வும் அதை அரிக்காதிருக்க மேலே போர்த்தப்படும் பிளாஸ்டிக் தோலே உறை. வடம் சும்மா தொங்குகிறதா, கப்பியில் ஓடுகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பிவிசி இயல்பில் விறைப்பானது. அதனுடன் கலக்கப்படும் மென்மையூட்டும் எண்ணெய்ப் பொருளே அதை வளையச் செய்கிறது. ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்தால் அந்தப் பொருள் மெல்ல வெளியேறி, உறை காய்ந்து வெடிக்கும். ஆயினும் விலை குறைவு என்பதால் துணி காயப்போடும் கொடிக்கும் வேலிக்கும் அதுவே போதும். நைலான் கடினமானது, வழுவழுப்பானது, தேய்மானத்தை நன்கு தாங்குவது. ஆகவே நாள் முழுவதும் கப்பியில் ஏறி இறங்கும் உடற்பயிற்சிக்கூட வடங்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். வெயிலில் பயன்படுத்துவதானால் கறுப்பு நிறத்தில் வாங்குங்கள். அதில் கலந்துள்ள கரித்தூள் புறஊதாக் கதிரைத் தடுக்கும். எளிதாகச் சொன்னால், பிவிசி மழைக்கோட்டைப் போன்றது, நைலானோ செருப்பின் அடிப்பாகத்தைப் போன்றது.

3 மி.மீ. வடம் உறையோடு சேர்த்து 5 மி.மீ. ஆகக்கூடும் என்பதால், கப்பியின் பள்ளத்தை வெளி அளவுக்கே பொருத்த வேண்டும். முனையில் கவ்வி பூட்டுமிடத்திலோ உறையை உரித்துவிட வேண்டும், இல்லையேல் பிடி வழுக்கும்.

உறை தடித்தால் வடம் கூடுதல் எடை தாங்கும் எனப் பலர் எண்ணுகிறார்கள். எடையைத் தாங்குவது உள்ளிருக்கும் எஃகு மட்டுமே, வெடித்த உறையோ நீரை உள்ளே தேக்கித் துருவைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும்.