கடற்கரையில் சமைக்கும்போது கேம்பர் வேன் அடுப்பின் தீ ஏன் பாதியிலேயே சோர்ந்துவிடுகிறது?

கேம்பர் வேனில் பலரும் வைத்திருப்பது சிறிய கேஸ் குப்பியைச் செருகி எரிக்கும் அடுப்பு. குப்பிக்குள் பியூட்டேன் என்ற எரிவாயு அழுத்தத்தால் திரவமாக நிற்கிறது. அது ஆவியானால்தான் எரியும். ஆவியாகத் தேவையான வெப்பத்தைக் குப்பியிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். கையில் சானிடைசர் தடவினால் சில்லென்று இருக்கிறதே, அதேதான் இங்கும் நடக்கிறது. முழுத் தீயில் கொஞ்ச நேரம் எரித்துவிட்டுக் குப்பியைத் தொட்டுப் பாருங்கள், வெளிப்புறம் நீர் பூத்துக் குளிர்ந்திருக்கும். பியூட்டேனின் கொதிநிலை சுமார் -0.5 டிகிரி செல்சியஸ். குப்பி அதை நெருங்க நெருங்க அழுத்தம் விழும், தீயும் படுத்துவிடும். புரொப்பேன் என்ற இன்னொரு எரிவாயு -42 டிகிரியிலேயே கொதிப்பதால் குளிர்காலத்துக்கு அது கலந்த குப்பி நல்லது. உங்கள் அடுப்பு அதை ஏற்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடற்காற்று இதை இன்னும் மோசமாக்குகிறது. சுடரைப் பாத்திரத்தின் அடியிலிருந்து தள்ளிவிடும். நாம் தீயைக் கூட்டுவோம். குப்பி இன்னும் வேகமாகக் குளிரும். காற்று வரும் பக்கம் மட்டும் ஒரு தடுப்பு வைத்து, பாத்திரத்தை மூடி, நடுத்தரத் தீயில் சமையுங்கள். அடுப்பைச் சுற்றி முழுவதும் தடுப்பு கட்டவே கூடாது. வெப்பம் உள்ளே தேங்கிக் குப்பி வெடிக்கலாம். குப்பியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் அகலமான சட்டியும் அதே ஆபத்துதான். காற்றுக்குப் பயந்து வேன் கதவைச் சாத்திக்கொண்டு சமைப்பதும் வேண்டாம்; மூடிய இடத்தில் அடுப்பு எரியும்போது சேரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

மணலில் அடுப்பு சாயாமல் இருக்க அடியில் ஒரு பலகை போடுங்கள்.

தீ குறைந்தாலே கேஸ் தீர்ந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அடுப்பை அணைத்து, குப்பியைக் கழற்றிக் குலுக்குங்கள், உள்ளே திரவம் சலசலத்தால் அது காலியாகவில்லை, குளிர்ந்திருக்கிறது.