மகளின் கை நடுங்குகிறது என்று கவலைப்படும் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. மூளை நரம்பு சர்ஜன் ஆகியே தீருவேன் என்று மகள் நிற்கிறாள். ஊசியில் நூல் கோக்கும்போது அவள் விரல் நடுங்குவதைப் பார்த்து உங்களுக்குத் தூக்கம் போயிற்று. அந்த நடுக்கத்தையே முதலில் பேசிவிடுவோம்.

எல்லார் கையும் நடுங்கும், நொடிக்கு 8 முதல் 12 தடவை. தேர்ந்த சர்ஜன் கையும் விலக்கில்லை. அதனால்தான் அவர்கள் கையை அந்தரத்தில் வைத்து வேலை செய்வதில்லை. மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி, தலைமுடியைவிட மெல்லிய நூலால் ரத்தக்குழாயைத் தைக்கிறார்கள். இந்த முறைக்கு வழிவகுத்தவர்களில் முக்கியமானவர் காஸி யாசர்கில். ஏற்கெனவே சர்ஜனாக இருந்தவர், நாற்பது வயதில் அமெரிக்காவின் வெர்மான்ட்டுக்குப் போய், ஆய்வகத்தில் விலங்குகளின் நுண்குழாய்களைத் தைத்துப் பழகினார். 1967இல் சூரிச்சில் மூளை ரத்தக்குழாய் பைபாஸ் செய்தார். கை பழகப் பழகத்தான் வசப்படும். சும்மா இருக்கும்போதே நடுங்கினாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டுகூடக் காரணமாக இருக்கலாம்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். மருத்துவப் பட்டம், அதன்பின் சிறப்புப் பயிற்சி. அமெரிக்காவில் அந்தப் பயிற்சி மட்டுமே 7 ஆண்டு. கூடப் படித்தவர்கள் சம்பளம், குடும்பம் என்று நிலைத்த பிறகும் இவள் இரவுப் பணியில் இருப்பாள். வேலையில் பெரும்பங்கு முதுகுத்தண்டு சார்ந்தது என்பது பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. நள்ளிரவில் தலைக்காயத்தோடு ஒருவர் வருவார். மண்டை ஓட்டுக்குள் ரத்தம் கட்டி மூளையை அழுத்தும், நிமிடங்கள் முக்கியம். எல்லாம் சரியாகச் செய்தும் அவர் பேச்சு திரும்பாமல் போகலாம். அதை வாசலில் காத்திருக்கும் மனைவியிடம் போய்ச் சொல்ல வேண்டியவர் சர்ஜன்தான். விரலைவிட அந்த நேரத்தைத் தாங்கும் மனம் பெரிது அம்மா.

இன்றே முடிவெடுக்க வேண்டியது மருத்துவம் படிப்பதா என்பதை மட்டும். நரம்பு அறுவை வேண்டுமா என்று தீர்மானிக்க இன்னும் பல வருடம் இருக்கிறது. மருத்துவ இடம் கிடைக்காவிட்டாலும் மூளையோடு அவள் உறவு அறுந்துவிடாது. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதனால் சில கட்டிகளை நோயாளி விழித்திருக்கும்போதே எடுப்பார்கள். அப்போது ஒருவர் அவர் முகத்தருகே உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டபடி இருப்பார். பதில் குழறினால் சர்ஜனுக்கு உடனே குரல் கொடுப்பார். பேச்சுப் பயிற்சியாளரோ நரம்பு உளவியலாளரோ செய்யும் வேலை அது. நரம்புகளின் மின்சைகையைத் திரையில் கண்காணிப்பவர் இன்னொருவர். இதையெல்லாம் அவளிடம் சொல்லுங்கள், ஆறுதல் பரிசு மாதிரி இல்லாமல்.

பயிற்சியில் இருக்கும் ஒரு மருத்துவரை அவள் சந்திக்கட்டும். சாதனைக் கதை கேட்க வேண்டாம். போன வாரம் எப்படிப் போனது என்று கேட்கட்டும். கேட்ட பிறகும் இதையே சொன்னால் கூட்டிவாருங்கள், அடுத்த இரண்டு வருடப் படிப்பைத் திட்டமிடுவோம்.