ஒட்டாத பேட்ச்

அன்புள்ள அண்ணா,

டெபியன் என்ற லினக்ஸ் வகையில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு சின்ன லைப்ரரி பேக்கேஜைப் பராமரிக்க எடுத்துக்கொண்டேன். அப்ஸ்ட்ரீமில், அதாவது அதை எழுதுகிறவர்களிடம், புது வெர்ஷன் வந்திருந்தது. புது வெர்ஷனைத் தேடித் தரும் யூஸ்கேன் ஓட்டி இறக்கினேன். டெபியன் பக்கத்தில் மூலநிரலுக்கு எழுதிவைத்திருந்த திருத்தங்களான பழைய மூன்று பேட்ச்களில் ஒன்று ஒட்டவில்லை, தூக்கிவிட்டேன். பில்ட் ஆகிவிட்டது, பேக்கேஜில் குறை தேடும் லின்டியன்கூட முணுமுணுக்கவில்லை. எனக்காக அப்லோடு செய்ய வேண்டிய ஸ்பான்சரோ "அந்த பேட்ச் எதற்காக இருந்தது?" என்று ஒற்றை வரி கேட்டதோடு சரி, அப்லோடு செய்யவில்லை. பத்து நாளாயிற்று. புதியவர்களை இப்படித்தான் நடத்துவார்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நல்ல ஸ்பான்சர் வாய்த்திருக்கிறார் உங்களுக்கு.

ஒரு பேட்ச் ஒட்டவில்லை என்றால், அந்தத் திருத்தத்தை அப்ஸ்ட்ரீமே சேர்த்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் தூக்கியது சரி. அல்லது அக்கம்பக்கத்து வரிகள் மாறியிருக்கலாம். அப்போது பிழை உள்ளேயே இருக்கிறது, நீங்கள் கட்டை மட்டும் அவிழ்த்துவிட்டீர்கள். இரண்டில் எது என்று பில்ட் சொல்லாது. பேட்ச் ஃபைலின் தலைப்பில் பெரும்பாலும் பக் எண் இருக்கும். இல்லாவிட்டால் மாற்றங்களையெல்லாம் பதிந்துவைக்கும் கிட் வரலாற்றைத் தோண்டத்தான் வேண்டும்.

நானும் தூக்கியவன்தான். என் லேப்டாப்பில் எல்லா டெஸ்ட்டும் பச்சை. அப்லோடு ஆன மறுநாள் பார்த்தால், பில்ட் சர்வர்களின் பட்டியலில் எஸ்390எக்ஸ் மட்டும் சிவப்பு. ஐபிஎம் மெயின்ஃப்ரேம் அது, பைட்டுகளை நம் லேப்டாப்புக்கு நேர் எதிர்வரிசையில் அடுக்கும். நான் தூக்கிய நாலு வரி பேட்ச் அந்த ஒரு வித்தியாசத்துக்காகவே யாரோ எழுதிவைத்தது. மெயின்ஃப்ரேமை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அங்கே பில்ட் ஆகும்வரை என் பேக்கேஜ் அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் டெஸ்டிங்குக்குள் போகவில்லை.

அதற்காகப் பழைய பேட்ச் எல்லாம் வேதவாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 2006-ல் நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்ட் கருவியின் எச்சரிக்கையை அடக்குவதற்காக, குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் டெபியன் பேட்ச் ஒன்று இரண்டு வரிகளை ஓடாதபடி கமெண்ட் ஆக்கியது. அப்ஸ்ட்ரீம் மடலாடற்குழுவில் கேட்டுவிட்டுத்தான் செய்தார்கள். விளைவு தெரிந்தது 2008 மே மாதத்தில். ரேண்டம் எண்ணுக்கு ஆதாரமாக மிஞ்சியது பிராசஸ் ஐடி மட்டும், அதனால் ஒவ்வொரு வகையிலும் சுமார் 32 ஆயிரம் சாவிகள்தான் உருவாக முடிந்திருக்கிறது. கணினியை விட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிற அளவு! ஆக, மிச்சமிருக்கும் இரண்டு பேட்ச்களையும் திறந்து படியுங்கள்.

கையோடு மூலநிரலைக் கட்டித் தரும் டார்பாலில் பழையதற்கும் புதியதற்கும் டிஃப் எடுத்து வித்தியாசத்தைப் பாருங்கள். சின்ன லைப்ரரி என்றால் ஒரு மாலைப்பொழுது போதும். புதியதை கிட்டில் அந்த வெர்ஷனுக்கு இட்ட டேகோடும் ஒப்பிடுங்கள். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட, எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியில் ஒளித்துவைத்த பின்கதவை முடுக்கிவிட்ட எம்4 ஃபைல் (பில்டுக்கு உதவும் ஸ்கிரிப்ட்) டார்பாலில் மட்டும் இருந்தது, கிட்டில் இல்லை. அப்போது டெபியன் பழைய வெர்ஷனுக்குத் திரும்பியது. வெர்ஷன் எண் இறங்கினால் பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் அதை அப்டேட்டாக எடுத்துக்கொள்ளாது என்பதால் 5.6.1+ரியலி5.4.5-1 என்று எண் போட்டார்கள். புதுச் சீட்டு ஒட்டிய பழைய சரக்கு. எனக்கு ரொம்பப் பிடித்த வெர்ஷன் எண் அதுதான்.

உங்கள் லைப்ரரியை நம்பியிருக்கும் பேக்கேஜ்களையும் ஒருமுறை பில்ட் செய்து பாருங்கள். ஏதாவது உடைந்தால் முதலில் சோதனைக்கான எக்ஸ்பெரிமெண்டலுக்கு அனுப்பலாம்.

பத்து நாளாயிற்று என்கிறீர்கள். கேள்வி கேட்டவர் அவர். நீங்கள் பதில் எழுதியதாகக் கடிதத்தில் எங்கும் இல்லையே? பக் எண்ணைத் தேடிப் படித்துவிட்டு இன்றைக்கே எழுதுங்கள். பேட்ச்சை நீக்கியதற்கான காரணம், பேக்கேஜின் மாற்றங்களைக் குறித்துவைக்கும் சேஞ்ச்லாகிலும் ஒரு வரி இருக்கட்டும். இப்போது அங்கே "புதிய வெர்ஷன்" என்று மட்டும்தான் இருக்கும், இல்லையா?